அம்மா இன்சுலினோட பிளேன் ஏறப் போறாங்க, என்னென்ன செய்யணும்?

போகவந்தலாவயிலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 58 வயசு, சீனி வருத்தம், காலையும் ராவும் மிக்ஸ்டார்ட்ங்கிற இன்சுலின போத்தல்லருந்து சிரிஞ்ச்ல எடுத்துப் போடுறாங்க, மெட்ஃபோர்மினும் காலெரிவுக்கு ஒரு மாத்திரையும் இருக்கு. அக்காவுக்கு டுபாய்ல பிள்ள பொறக்கப் போகுது, அம்மா 3 மாசம் போய் நிக்கப் போறாங்க, வர்ற வழியில திருச்சியில இருக்குற சித்தி வீட்டுக்கும் போயிட்டு வருவாங்களாம். தெரிஞ்ச ஒருத்தர், ஊசியெல்லாம் பெரிய பெட்டிக்குள்ள போட்டு அனுப்புங்க, கையில வச்சிருந்தா எயார்போர்ட்ல புடிச்சிடுவாங்கன்னு சொல்லியிருக்காரு, அது சரியான்னு கேள்வி.

சரியே இல்ல தங்கச்சி. தயவுசெஞ்சு அந்தப் பேச்ச கேக்காதீங்க. நான் ஹட்டன் டவுன்ல பார்மசியில நிக்கிறவன், வெளிநாடு போறவங்க கடைசி நேரத்துல வந்து கேக்குற முதல் கேள்வியே இதுதான், அதுனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

இன்சுலின், சிரிஞ்ச், சீனி பாக்குற மெஷின், விரல் குத்துற ஊசி, ஸ்ட்ரிப், எல்லாமே கையில கொண்டு போற பேக்லதான் இருக்கணும். மருந்தோட சேர்ந்து இருக்குற சிரிஞ்ச எந்த எயார்போர்ட்லயும் குத்தமா பாக்குறதில்ல, உலகம் முழுக்க தினமும் சீனி வருத்தக்காரங்க இப்பிடித்தான் பறந்துகிட்டு இருக்காங்க. 100 மில்லிக்கு மேல தண்ணி கொண்டு போக ஏலாதுங்கிற சட்டம் இருக்கே, மருந்துக்கு அதுல விலக்கு இருக்கு, அதவிட ஒரு இன்சுலின் போத்தல் 10 மில்லிதான். பெரிய பெட்டியில போட்டாத்தான் ஆபத்து. பெட்டிங்க போற இடத்துல குளிர் எவ்வளவு இறங்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க, இன்சுலின் ஒருக்கா உறைஞ்சா அவ்வளவுதான், திரும்ப உருகி பாக்க பழையபடி நல்லா இருந்தாலும் வேல செய்யாது, குப்பையிலதான் போடணும். டுபாய்ல இறக்குன பெட்டி கோடை வெயில்ல ரன்வே ஓரத்துல எவ்வளவு நேரம் நிக்கும்னும் தெரியாது, அங்க கோடையில 45 டிகிரிக்கு மேலயும் போகும். பெட்டி தொலைஞ்சு 2 நாள் கழிச்சு வந்தா அந்த 2 நாளும் அம்மா என்ன பண்ணுவாங்க? இன்னொன்னு, பிளேன்ல மேல் தட்டு நிறைஞ்சுட்டா வாசல்லயே கைப்பையையும் வாங்கி கீழ அனுப்புவாங்க. அதுக்குத்தான் மருந்த பேக்குக்குள்ள தனியா ஒரு சின்னப் பையில வைக்கணும்னு சொல்றது, பேக்க கேட்டா அந்தப் பைய மட்டும் உருவி கையில வச்சுக்கலாம்.

அடுத்தது பேப்பர் வேல. இத எல்லாரும் கடைசி வாரத்துக்கு தள்ளிப்போடுறாங்க, நீங்க இப்பவே தொடங்குங்க. கிளினிக் டொக்டர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேணும். ஆளோட பேரு, பாஸ்போர்ட் நம்பர், என்ன வருத்தம், என்னென்ன மருந்து எந்த அளவுல எத்தன வேளை, கூடவே சிரிஞ்ச், லான்செட், குளுக்கோமீட்டர், குளிர் பேக் இதெல்லாம் மருத்துவத் தேவைக்கு கையில கொண்டு போகணும்னு ஒரு வரி, கீழ கையெழுத்தும் சீலும் டொக்டரோட பதிவு நம்பரும். மருந்து பேர பிராண்ட் பேரோட நிப்பாட்டாம உள்ள இருக்குற மருந்தோட பேரையும் எழுதச் சொல்லுங்க, மிக்ஸ்டார்ட்னா 30க்கு 70 கலந்த ஹியூமன் இன்சுலின், மில்லிக்கு 100 யூனிட்னு. அங்க போத்தல் உடைஞ்சு புதுசா வாங்க வேண்டி வந்தா பார்மசிக்காரனுக்கு அந்தப் பேருதான் உதவும்.

இதுல நம்ம பக்கத்து ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. கிளினிக் கொப்பியில ஒரு பேரு, ஐடியில ஒரு பேரு, பாஸ்போர்ட்ல வேற ஒரு எழுத்துக்கூட்டல். தோட்டத்துல பிறப்பு பதிஞ்ச அந்தக் காலத்துல கேட்டத கேட்டபடி எழுதுனதுனால வந்த வினை இது, எத்தனையோ குடும்பத்துல இன்னும் தீராம கிடக்கு. கிளினிக் கொப்பியில முத்தம்மான்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முன்னுக்கு வந்து அதுக்குப் பிறகு வேற மாதிரி முத்தம்மா வரும். அதுனால லெட்டர் எழுத போகும்போது பாஸ்போர்ட்ட கையோட கொண்டு போங்க, அதுல இருக்குற எழுத்த பாத்து ஒவ்வொண்ணா அப்பிடியே எழுதச் சொல்லுங்க. கிளினிக்ல கூட்டம் அதிகம், டொக்டருக்கு நேரம் இருக்காது, அதுனால நீங்களே ஒரு தாள்ல விவரத்த தெளிவா எழுதிக்கொண்டு போய் நர்ஸ் மிஸ்கிட்ட முதல்லயே சொல்லி வச்சா லேசு. லெட்டர் ரெண்டு ஒரிஜினல் எடுங்க, போன்ல போட்டோவும் இருக்கட்டும், ஆனா போன் சார்ஜ் இல்லாம செத்துப்போகும், தாள் சாகாது.

மருந்து பக்கெட் விஷயமும் அப்பிடித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில மாத்திரைய எண்ணி சின்ன பேப்பர் உறையில போட்டு, மேல பேனாவால எத்தனன்னு எழுதித் தருவாங்க. ஊருக்குள்ள அது போதும், வெளிநாட்டு கஸ்டம்ஸ்ல அந்த உறைய பாத்தா அது என்ன மாத்திரைன்னு ஒருத்தருக்கும் விளங்காது. பிரயாணத்துக்கு மட்டும் கார்டோட இருக்குற மாத்திரைய, பெட்டியோட, பில்லோட வாங்குங்க, அரசாங்க பார்மசி ஒசுசலயில வாங்குனாலும் சரி தனியார் பார்மசின்னாலும் சரி. கிளினிக்ல வழக்கமா ஒரு மாசத்துக்குத்தான் தருவாங்க, 3 மாசம் போறாங்கன்னு டிக்கட்ட காட்டி கேட்டுப் பாருங்க, மிச்சத்த வெளிய வாங்க வேண்டி வரும், அந்தச் செலவையும் டிக்கட் காசோட சேத்தே கணக்குப் போட்டுக்கங்க.

எத்தன போத்தல் வேணும்னு கணக்குப் பாக்குறது இப்பிடி. நம்ம நாட்டு 10 மில்லி போத்தல்ல 1000 யூனிட் இருக்கு. அம்மா காலையில 24, ராவுக்கு 16 போடுறாங்கன்னு வச்சுக்கங்க, ஒரு நாளைக்கு 40, ஒரு போத்தல் 25 நாள் வரும், 90 நாளைக்கு 3600 யூனிட், அப்பிடின்னா 4 போத்தல். அதோட குறைஞ்சது ஒண்ணு மேலதிகமா, உடைஞ்சா, பிளேன் தள்ளிப்போனா தேவைப்படும். யூனிட் குறைவா போடுறவங்க போத்தல்ல மிச்சம் இருக்கேன்னு மாசக்கணக்குல வச்சுப் போடக் கூடாது, திறந்த போத்தல் கிட்டத்தட்ட 4 கிழமைதான், சில மருந்துக்கு கொஞ்சம் கூட இருக்கும், உள்ள இருக்குற தாள்ல போட்டிருக்கும். திறந்த திகதிய போத்தல்ல பேனாவால எழுதிடுங்க.

இப்ப குளிர் விஷயம். ஐஸ் கட்டிதான் இன்சுலினுக்கு பாதுகாப்புன்னு ஊர்ல எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, ரெஜிஃபோம் பெட்டியில ஐஸ நெருக்கி வச்சு நடுவுல போத்தல சொருகிக்கிட்டு போறவங்கள நான் கண்ணால கண்டிருக்கேன். வெயில் மெதுவாத்தான் இன்சுலின கெடுக்கும், ஐஸ் தொட்டு உறைஞ்சா ஒரே தடவையில முடிஞ்சுது. திறக்காத போத்தல் 2லருந்து 8 டிகிரிக்குள்ள, அதாவது ஃபிரிட்ஜ்ல இருக்கணும். திறந்தது 30 டிகிரிக்கு கீழ வெளியவே இருக்கலாம், சில மருந்துக்கு 25. ஹட்டன்லருந்து அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் எல்லாம் சேத்தா ஒரு 15 மணித்தியாலம் வரும். அதுக்கு ஐஸே வேணாம். ஜெல் பேக் ஒண்ண ஃப்ரீசர்ல வைக்காம ஃபிரிட்ஜோட கீழ் தட்டுல ஒரு ராத்திரி வச்சு எடுங்க, அது எவ்வளவு குளிர்ந்தாலும் உறைய வைக்காது, போத்தல ஒரு சின்ன துவாயில சுத்தி அதோட வச்சு பைய மூடுங்க. செக்கிங்ல ஜெல் பேக்க எடுத்துட்டாலும் சண்ட போட வேணாம், ஏசி இருக்குற எயார்போர்ட்டும் பிளேனும் 30 டிகிரிக்கு கீழதான் இருக்கும். பிளேன்ல பணிப்பெண்கிட்ட குடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்றதும் வேணாம், ஐஸ் மேல வச்சிடுவாங்க, இல்லாட்டி இறங்கும்போது மறந்திடும். தண்ணியில ஊறவச்சா குளிர்ற ஃப்ரியோங்கிற பை ஒண்ணு இருக்கு, அது தண்ணி ஆவியாகி குளிர்றது, அதுனால அத ஃபிரிட்ஜ்ல வைக்கவோ பொலித்தீன்ல கட்டவோ கூடாது, காத்து படணும். காத்து வறண்டு இருக்குற நாளைக்கு நல்ல சாமான், ஈரக்காத்துல அவ்வளவா குளிராது, அக்காவால வாங்கி அனுப்ப முடிஞ்சா அங்க வெளிய போகவர வசதியா இருக்கும்.

நம்ம குளிரு நம்மள பழக்கி வச்சிருக்கு தங்கச்சி. காம்பராவுல ஜன்னல் ஓரமா இன்சுலின வச்சாலும் இந்தக் குளிர்ல பெருசா ஒண்ணும் ஆகாம இருந்திருக்கும், அதே பழக்கத்துல அங்க போய் மேசையில வச்சிட்டு ஏசிய நிப்பாட்டிட்டு வெளிய போனா, இல்லாட்டி வெயில்ல நிக்கிற காருக்குள்ள பைய விட்டுட்டு கடைக்குப் போனா மருந்து வீணாப் போகும். மிக்ஸ்டார்ட் கையில உருட்டுனதும் ஒரே மாதிரி பால் போல வரணும், கட்டி கட்டியா மிதந்தாலோ போத்தல் சுவத்துல பனி படிஞ்ச மாதிரி ஒட்டி நின்னாலோ அத போடக் கூடாது. பாக்க நல்லா இருந்தும் காரணமில்லாம சீனி ஏறிக்கிட்டே போனா புது போத்தல திறந்து பாருங்க. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்ல குளிர் வர்ற பின் சுவத்துல முட்டாம நடுத்தட்டுல இல்லாட்டி கதவுப் பக்கம் வைக்கச் சொல்லுங்க.

அடுத்து நான் சொல்லப் போறத வேற நாட்டு ஆள் எழுதுனதுல நீங்க பாக்க மாட்டீங்க, ஆனா நம்ம அம்மாமாருக்கு இதுதான் பிரயாணத்துலயே ரொம்ப ஆபத்தான இடம். ஹட்டன்லருந்து கினிகத்தேன, கித்துள்கல, யட்டியாந்தோட்டன்னு இறங்குற அந்த வளைவு. வேன்ல ஏறுனா வாந்தி எடுக்காத அம்மாவ நம்ம ஊர்ல தேடித்தான் புடிக்கணும். விடியக்காலையில வழமையான நேரம் ஆச்சேன்னு இன்சுலின போட்டுட்டு, ரெண்டு ரொட்டி தின்னுட்டு, கினிகத்தேன தாண்டுறதுக்குள்ள அத வாந்தியா எடுத்துட்டா என்ன ஆகும்? ஊசி உள்ள இருக்கு, சாப்பாடு இல்ல. சீனி குறைஞ்சு வேர்த்து நடுங்கி, பின் சீட்ல அப்பிடியே சாய்ஞ்சு கிடப்பாங்க, பக்கத்துல இருக்குறவங்க தூங்குறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. அதுனால மலை இறங்கி முடியிற வரைக்கும் காலை ஊசி வேணாம். எயார்போர்ட் போய், செக்கின் முடிஞ்சு, சாப்பாடு கண்ணுக்கு முன்னால இருக்கும்போது போடட்டும். ஒரு மணித்தியாலம் பிந்துறதால ஒண்ணும் கெட்டுப்போகாது. வாந்திக்கு மாத்திரை வேணும்னா டொக்டர்கிட்ட அத முதல்லயே கேட்டு வாங்கிடுங்க.

கூடவே இன்னொன்னு. வழியில கக்கூசுக்குப் போக வேண்டி வருமேன்னு பிரயாணம்னாலே முதல் நாள் ராவுலருந்தே திங்காம குடிக்காம இருக்குற பழக்கம் நம்ம பொம்பளைங்ககிட்ட இருக்கு. கொழுந்து மலையில காலமெல்லாம் அடக்கிக்கிட்டு வாழ்ந்து பழகுன பழக்கம் அது, அவங்கள குறை சொல்ல மனசு வராது. ஆனா இன்சுலின் போடுற உடம்புக்கு அது ஏலாது. அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க, வேன நிப்பாட்ட இடம் இருக்கு, பிளேன்ல கக்கூஸ் இருக்கு, கதவ எப்பிடி திறக்குறது எங்க தண்ணி வருதுன்னு போன்ல ஒரு வீடியோ காட்டுங்க. அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும், சாப்பிடுவாங்க.

டிக்கட் இன்னும் எடுக்கலன்னா ரெண்டு ஊசிக்கும் நடுவுல விழுற மாதிரி ஒரு பகல் ஃப்ளைட்ட பாருங்க. காலையில 10 மணி போல கிளம்புதுன்னு வைங்களேன், நடுச்சாமத்துல வேன் எடுத்து, 7 மணிக்கு கட்டுநாயக்க எயார்போர்ட்ல நின்னு, 7.30 போல ஊசியும் சாப்பாடும், பிறகு பிளேன்ல பகல் சாப்பாடு. நாலரை, 5 மணித்தியாலம்தான் பறக்குறது. டுபாய் நேரம் நம்மள விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால, அதுனால இறங்குனா அங்க பகல் 1 மணி கிட்ட இருக்கும், ரா ஊசிய அக்கா வீட்ல ரா சாப்பாட்டுக்கு முன்னால போட்டுக்கலாம். பிளேனுக்குள்ள ஊசியே போட வேணாம். இவ்வளவு சின்ன நேர வித்தியாசத்துக்கு அளவ மாத்தத் தேவையும் வராது. ஆனா மிக்ஸ்டார்ட்ல காலையில போட்டது பகலுக்கும் வேல செய்யும், பகல் சாப்பாடு பிந்தக் கூடாது, பிளேன் ஓடாம நின்னுக்கிட்டே இருந்தா கையில கிரீம் கிராக்கர் இருக்கணும்.

லண்டன், கனடா போறவங்களுக்கு கதை வேற. டொரோண்டோ நம்மள விட பத்தரை மணித்தியாலம் பின்னால, அவங்க கோடையில ஒம்பதரை. மேற்கால போனா நாள் நீளும், இடையில ஒரு சாப்பாடும் அதுக்கு கொஞ்சம் இன்சுலினும் கூடத் தேவைப்படும், கிழக்கால ஒஸ்ட்ரேலியா போனா நாள் சுருங்கும், அப்ப வழமையான அளவ போட்டா ரெண்டு ஊசி ஒண்ணுமேல ஒண்ணா விழும். அத நீங்களா கணக்குப் போடாதீங்க, ஃப்ளைட் நேரத்த எழுதிக்கொண்டு போய் டொக்டர்கிட்ட மணி வாரியா எழுதி வாங்குங்க. அந்த நாடுகள்ல சீனி அளவையும் வேற மாதிரி சொல்லுவாங்க, நம்ம 126 அவங்களுக்கு 7, நம்ம 180 அவங்களுக்கு 10, 18ஆல வகுத்துப் பாருங்க. நீண்ட பயணத்துல பிளேன்லயே ஊசி போட வேண்டி வந்தா சாப்பாட்டுத் தட்டு முன்னுக்கு வந்த பிறகுதான், வரப்போகுதுன்னு சொன்னத நம்பிப் போட்டு, பிறகு பிளேன் குலுங்கி சாப்பாட்ட நிப்பாட்டிட்டாங்கன்னா கஷ்டம். மிக்ஸ்டார்ட்டுக்கு அரை மணி காத்திருக்கிறது வழமைதான், அந்த ஒரு வேளைக்கு அது கொஞ்சம் குறைஞ்சாலும் பாதுகாப்புதான் பெருசு.

பிளேன்ல காத்தழுத்தம் குறையும், போத்தல்லயும் பேனா மாதிரி இருக்குற இன்சுலின் பென்லயும் குமிழி வரும்னு சொல்லி பயமுறுத்துவாங்க. பிளேனுக்குள்ள இருக்குற அழுத்தம் 6000லருந்து 8000 அடி உயரத்துல இருக்குற மாதிரி வச்சிருப்பாங்க. நுவரெலியா டவுனே கிட்டத்தட்ட 6100 அடி. கொழும்புல வாங்குன போத்தல நுவரெலியாவுக்கு கொண்டு வர்ற அதே மாற்றம்தான், நம்ம ஆளுங்களுக்கு புதுசு இல்ல. குமிழி இருந்தா தட்டி வெளிய தள்ளிட்டு அளவ திரும்ப பாத்துப் போடணும், பென்னுன்னா ஊசிய கழட்டி வச்சிருந்து, போடுறப்ப மாட்டி 2 யூனிட் வெளிய விட்டுப் பாக்கணும். உடம்புல இன்சுலின் பம்ப், சீனி பாக்குற சென்சர் போட்டிருக்கிறவங்க ஸ்கேனருக்குள்ள போகாம கையால சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம்.

செக்கிங் இடத்துல அம்மா செய்ய வேண்டியது லேசு. அந்தச் சின்னப் பைய வெளிய எடுத்து தட்டுல தனியா வச்சு, லெட்டர மேல வச்சிடணும். இன்சுலின், டயபிடிஸ்னு சொன்னா எந்த நாட்டுக்காரனுக்கும் விளங்கும், கட்டுநாயக்கவுல தியவெடியாவன்னு சொன்னாலும் போதும். எக்ஸ்ரே மெஷின்ல போனா இன்சுலினுக்கு ஒண்ணும் ஆகாது. ஒளிச்சு வைக்கவும் வேணாம், கேக்குறதுக்கு முன்னால பயந்து முழிக்கவும் வேணாம்.

சீனி இறங்குனா குடுக்க கைப்பையில இல்ல, சட்டைப்பையில இல்லாட்டி இடுப்புல சொருகுற சுருக்குப்பையில குளுக்கோஸ் பக்கெட்டோ சீனியோ இருக்கணும், மேல் தட்டுல வச்சிட்டு பெல்ட் போட்டு உக்காந்தா அவசரத்துக்கு எட்டாது. ஜூஸ் போத்தல் செக்கிங்ல போயிடலாம், தூள் போகாது. 70க்கு கீழ வந்தா 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன் சீனி தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷத்துல திரும்பப் பாக்கணும், ஏறலன்னா இன்னொருக்கா, ஏறுன பிறகு பிஸ்கட்டோ சோறோ சாப்பிடணும். சொக்லட் சரிவராது, கொழுப்பு இருக்குறதால மெதுவாத்தான் ஏறும். பக்கத்து சீட்ல இருக்குறவங்ககிட்ட எனக்கு சீனி இருக்கு, வேர்த்தா இத குடுங்கன்னு சொல்லி வைக்க அம்மாவுக்கு வெக்கமா இருந்தா, நீங்க ஒரு தாள்ல தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் எழுதி பாஸ்போர்ட்டோட வச்சு விடுங்க.

இனி அந்தக் காலெரிவு மாத்திரை. நீங்க பேரு சொல்லல, போய் கார்ட திருப்பிப் பாருங்க. இன்சுலினையும் மெட்ஃபோர்மினையும் பத்தி டுபாய்ல யாரும் கவலப்பட மாட்டாங்க, ஆனா சீனி வருத்தக்காரங்களுக்கு நரம்பு வலிக்குன்னு குடுக்குற ப்ரீகபாலின் அங்க கட்டுப்பாட்டு மருந்து. ட்ரமடோல், கோடீன் சேந்த வலி மாத்திரைங்களும் அப்பிடித்தான், சவூதியிலயும் இதே இறுக்கம்தான். அதுல ஏதாவது இருந்தா பயணத்துக்கு முன்னாடியே அக்காவ வச்சு ஒன்லைன்ல அனுமதி எடுக்கணும், இல்லாட்டி டொக்டர்கிட்ட சொல்லி வேற மருந்துக்கு மாறணும். எல்லாரும் சிரிஞ்சுக்கு பயந்துகிட்டு இத ஒரு பேப்பர் உறையில போட்டு அனுப்பிடுறாங்க, வழக்கு வந்தா இதுலதான் வரும். பிள்ளப் பெத்த வீட்டுக்குப் போற அம்மா பத்திய சாமானும் கட்டுவாங்கல்ல, அதுல கசகசா இருந்தா கண்டிப்பா எடுத்துடுங்க, அமீரகத்துல அது தடை. வெத்தலையும் அப்பிடித்தான், பொட்டலம் பொட்டலமா கட்டிக்கிட்டு போய் நிக்க வேணாம்.

போட்டு முடிஞ்ச ஊசிய சீட் பையில சொருகவோ பேப்பர்ல சுத்தி குப்பையில போடவோ கூடாது, கெட்டி பிளாஸ்டிக் போத்தல் ஒண்ணு மூடியோட கொண்டு போனா போதும். கால்ல செருப்புக்குப் பதிலா முன்னாலயே போட்டுப் பழகுன மூடுன சப்பாத்து, அது கடிக்குதா இல்லையான்னு வீட்லயே பாத்திருக்கணும், உணர்வு குறைஞ்ச காலுக்கு புது சப்பாத்து பிரயாணத்தன்னைக்கு வேணவே வேணாம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கட்டும்.

கடைசியா திருச்சி. இத அம்மா, அக்கா, சித்தி மூணு பேருக்கும் தனித்தனியா சொல்லுங்க, ஏன்னா மலைநாட்டுலருந்து இந்தியா போற குடும்பங்கள் நிறைய, மலையக ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல பிரிஞ்சு போன சொந்தம் திருச்சியிலயும் நீலகிரியிலயும் இருக்கு, போனா ஒரு மாசம் நிக்கிறாங்க, மருந்து முடிஞ்சா அங்கயே வாங்குறாங்க. இந்தியாவுல போத்தல்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். நம்மளது 100. போத்தல் அளவும் ஒண்ணு, பால் போல நிறமும் ஒண்ணு, பேரும் ஒண்ணாவே இருக்கலாம். அங்க 40க்குன்னு தனி சிரிஞ்ச், மூடி சிவப்பு. நம்ம 100 சிரிஞ்சுக்கு மூடி ஒரேஞ்ச். அம்மா நம்ம ஒரேஞ்ச் மூடி சிரிஞ்ச்ல இந்திய போத்தல்லருந்து 20 கோடு வரைக்கும் எடுத்தா உடம்புக்குப் போறது 8 யூனிட்தான், நாளுக்கு நாள் சீனி ஏறும். திருப்பி நடந்தா இன்னும் மோசம், நம்ம போத்தல்லருந்து அங்க வாங்குன சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோடு எடுத்தா போறது 50 யூனிட், ரெண்டரை மடங்கு, ராத்திரி தூக்கத்துல உயிரே போகலாம். அதுனால திருச்சிக்கும் சேத்து இங்கருந்தே இன்சுலினும் சிரிஞ்சும் கணக்குப் பண்ணி குடுங்க. வாங்கித்தான் ஆகணும்னா போத்தலையும் சிரிஞ்சையும் ஒரே கடையில ஒண்ணா வாங்கி, போத்தல்ல இருக்குற நம்பரும் சிரிஞ்ச்ல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு சித்திய வாசிக்கச் சொல்லுங்க, பழைய சிரிஞ்ச் எல்லாத்தையும் வேற பையில கட்டி கண்ணுல படாத இடத்துல வச்சிட்டுத்தான் புது போத்தல திறக்கணும்.